நாளைக்கு அலை எத்தனை அடி?



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செய்தி கேட்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகவே இருக்கும். கடலூர்த் துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்பதே அது. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் இதைக் கேளாத வீடு இராது. அந்தக் கூண்டு யாருக்காக ஏற்றப்படுகிறது? அது என்ன சொல்கிறது? இக்கேள்விகளிலிருந்து தொடங்குவோம். ஒரு தொழில்நுட்பம் அதை முன்பின் அறியாத மனிதருக்கு எப்போது பயன்படுகிறது, எப்போது பயன்படாமல் போகிறது என்பதை அறிய இந்தக் கூண்டு நல்ல பாடம்.

கூண்டு பேசும் மொழி

துறைமுகத்தில் உயரமான கம்பம் ஒன்று உண்டு. புயல் அறிகுறி தோன்றியதும் வானிலைத் துறையிலிருந்து துறைமுகத்துக்குச் செய்தி வரும். பகல் நேரமாயின் உருளை, கூம்பு வடிவங்களில் செய்த கூண்டுகளைக் கம்பத்தில் தொங்கவிடுவார்கள். இரவாயின் சிவப்பு, வெள்ளை விளக்குகளை எரியவிடுவார்கள். அடையாளங்கள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை.

முதல் இரண்டு எண்களும் தொலைவில் உள்ள ஆபத்தைக் குறிக்கும். 3, 4 ஆகியவை துறைமுகத்தையே காற்று தாக்கக்கூடும் என்பவை. 5, 6, 7 ஆகிய எண்கள், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். 8, 9, 10 ஆகியவை அதே செய்தியைக் கடும்புயலுக்குச் சொல்பவை.

பதினொன்றாம் எண் விந்தையானது. வானிலை அலுவலகத்துடன் தகவல் தொடர்பு அற்றுப்போயிற்று என்பது அதன் பொருள். "எனக்குச் செய்தி வரவில்லை, நீங்களே எச்சரிக்கையாக இருங்கள்" என்று சொல்வதற்கும் ஓர் அடையாளத்தை ஒதுக்கி வைத்தவர்களின் முன்யோசனையைப் பாராட்ட வேண்டும்.

இந்தக் கூண்டில் எழுத்து இல்லை. எந்த நாட்டு மொழியும் இல்லை. கப்பலில் இருப்பவர் தொலைவிலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பயன்படுத்துபவரின் நிலையை எண்ணிப் பார்த்து அமைத்த கருவி இது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. புயல் வரும் நாளில்தான் கூண்டு பேசும். மற்ற நாள்களில் மௌனமாக இருக்கும்.

மீனவருக்கோ ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி இருக்கிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் படகைத் தள்ள வேண்டும். நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? அலை எத்தனை அடி? தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் பரங்கிப்பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படும் கேள்வி இது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சூட்டி, மேகத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து அவர்கள் விடை கண்டார்கள். அந்த அறிவு பெரிது. ஆயினும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எழும் அலையைக் கரையில் நிற்கும் கண்ணால் காண முடியாது. அங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது.

அலையின் உயரத்தை அளப்பது எப்படி?

கடலில் நாம் அன்றாடம் காணும் அலைகளைக் காற்றே எழுப்புகிறது. காற்றின் வேகம், அது வீசிய நேரம், தடையின்றி வீசிய தூரம் ஆகிய மூன்றும் அலையின் உயரத்தை முடிவு செய்கின்றன. இம்மூன்றும் தெரிந்தால் நாளைய அலையைக் கணக்கிட்டுவிடலாம். வங்கக் கடல் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகக் கணிப்பொறி இந்தக் கணக்கைச் செய்கிறது.

கணக்கு சரியா என்று பார்க்க அளவை வேண்டும். கடலில் நங்கூரமிட்டு மிதக்க விடப்படும் மிதவைகள் அலையோடு ஏறி இறங்கும்போது, அவற்றினுள் உள்ள கருவி முடுக்கத்தைப் பதிவு செய்கிறது. முடுக்கத்திலிருந்து திசைவேகத்தையும், அதிலிருந்து உயரத்தையும் கணக்கிடலாம். செயற்கைக்கோள்களும் இதைச் செய்கின்றன. செயற்கைக்கோள் ஒரு ரேடார் துடிப்பைக் கீழே அனுப்புகிறது. கடல் அமைதியாக இருந்தால் எதிரொலி ஒரே வீச்சில் கூர்மையாகத் திரும்பும். அலை எழும்பியிருந்தால் முகட்டில் பட்ட பகுதி முன்னதாகவும், பள்ளத்தில் பட்ட பகுதி சற்றுப் பின்னதாகவும் வந்து சேரும். ஒரு மீட்டர் உயர வேறுபாட்டுக்குத் துடிப்பு போய்வரும் கூடுதல் தூரம் இரண்டு மீட்டர். ஒளியின் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். காலதாமதம் ஒரு நொடியில் 15 கோடியில் ஒரு பங்குதான்! இந்த மிகச் சிறிய தாமதத்தை அளந்து அலையின் உயரத்தைச் சொல்கிறார்கள். 2013இல் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய சரள் செயற்கைக்கோளில் இத்தகைய கருவி இருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முன்னறிவிப்பில் "அலை உயரம் 2 மீட்டர்" என்று இருந்தால் எல்லா அலைகளும் 2 மீட்டர் என்று பொருளல்ல. ஒரு நேரத்தில் வரும் அலைகளை உயரப்படி வரிசைப்படுத்தி, அவற்றுள் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்வதே வழக்கம். ஆகவே 2 மீட்டர் என்று அறிவித்த நாளில் இடையிடையே ஓர் அலை ஏறத்தாழ 4 மீட்டர்வரைகூட எழும்பலாம். அலையின் ஆற்றல் உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பது. உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு.

இதை விளக்காமல் எண்ணை மட்டும் சொன்னால் என்ன ஆகும்? 2 மீட்டர் என்று கேட்டுக் கடலுக்குப் போனவர் மூன்றரை மீட்டர் அலையைச் சந்திப்பார். "இந்தக் கருவி பொய் சொல்கிறது" என்று முடிவு கட்டுவார். மறுநாள் அவர் கேட்கமாட்டார். கருவி சரியாகத்தான் சொன்னது. சொன்னதன் பொருள் அவரிடம் சேரவில்லை. புதிதாக ஒரு தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துபவருக்கு அதன் எண் மட்டும் போதாது, எண்ணின் பொருளும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

வீராம்பட்டினத்தில் ஒலித்த குரல்

கடலூரிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால் புதுச்சேரி எல்லைக்குள் நல்லவாடு, வீராம்பட்டினம் முதலிய மீனவ ஊர்கள் வருகின்றன. 1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது. ஊர்தோறும் ஒரு தகவல் மையம் அமைத்து, அதில் ஒரு கணிப்பொறியை வைப்பது திட்டம். வில்லியனூரில் தலைமை மையம் இருந்தது.

தொலைபேசிக் கம்பி எல்லா ஊர்களுக்கும் நல்ல நிலையில் இல்லாத காலம் அது. எனவே வில்லியனூருக்கும் சிற்றூர்களுக்கும் இடையே இருவழி வானொலிக் கருவிகளைக் கொண்டு பேச்சையும் தகவலையும் அனுப்பினார்கள். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் என்பதால் சூரிய மின்கலங்களைத் துணைக்கு வைத்தார்கள். இவையெல்லாம் பொறியாளர் செய்யும் ஏற்பாடுகள். அதனினும் முக்கியமான வேலை ஒன்று இருந்தது. "உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?" என்று ஊராரைக் கேட்பதுதான் அது.

உழவர்கள் விலை நிலவரமும் பயிர் நோய்க்கு மருந்தும் கேட்டார்கள். பெண்கள் உடல்நலம் பற்றியும், அரசு உதவித் திட்டங்களை எப்படிப் பெறுவது என்பது பற்றியும் கேட்டார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கோ கடலில் உயிருக்குப் பாதுகாப்பே முதல் தேவை.

இதற்கு விடை உலகின் மறுகோடியில் இருந்தது. அமெரிக்கக் கடற்படை வங்கக் கடல் உள்ளிட்ட கடல்களின் அலை உயரத்தை முன்கூட்டியே கணித்துத் தன் இணையத்தளத்தில் படமாக வெளியிட்டு வந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் ஆங்கிலத்தில், வண்ணக் கோடுகளால் ஆன அந்தப் படத்தைக் கட்டுமரத்தில் செல்லும் ஒருவர் எப்படிப் பார்ப்பார்? பார்த்தாலும் எப்படிப் படிப்பார்? போர்க்கப்பல்களை எண்ணிச் செய்த படம் அது.

மையத்தினர் அந்தப் படத்தை இறக்கினார்கள். அதில் நம் கடற்பகுதிக்கு உரிய செய்தியை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அதைத் தமிழில் ஆக்கினார்கள். பிறகு வீராம்பட்டினக் கடற்கரையை நோக்கி வைத்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும், கணிப்பொறியைத் தொட்டே பாராதவரும் அடுத்த நாள் கடல் எப்படி இருக்கும் என்பதைத் தம் காதால் கேட்டார்கள்.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள். செயற்கைக்கோள், கணிப்பொறி, இணையம், வானொலி, தமிழறிந்த ஒரு மனிதர், ஒலிபெருக்கி. இவற்றுள் விலை மிகக் குறைந்தது ஒலிபெருக்கி. நம் ஊர்த் திருவிழாக்களில் பல்லாண்டுகளாகப் பழகிய பழைய கருவி. அது இல்லாவிட்டால் முன்னால் உள்ள அத்தனை விலையுயர்ந்த கருவிகளும் வீராம்பட்டினத்தைப் பொறுத்தவரை வீண்.

அளவைகளிலும் கருத்து வேண்டும். மீன்வளம் உள்ள இடங்களைப் பற்றிய அறிவிப்புகளில் கடலின் ஆழம் மீட்டரில் இருக்கும். நம் கடற்கரையில் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வது மரபு. ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி. "ஆழம் 20 மீட்டர்" என்பதைவிட "பதினோரு பாகம்" என்றால் மூத்த மீனவருக்கு அந்த இடமே மனக்கண்ணில் தெரியும். கணக்கு ஒன்றுதான், பெயர்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிட வேலையை யாராவது செய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆசிரியர்

அந்த யாராவது யார்? இத்திட்டத்தில் ஊர் மையங்களை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்த் தொண்டர்கள். அவர்களுள் பெண்கள் பெரும்பங்கினர். பலர் அதற்கு முன் கணிப்பொறியை நேரில் கண்டதில்லை. ஏம்பலம் என்ற ஊரில் மையம் கோயில் வளாகத்திலேயே அமைந்தது. பெண்களே அதை நடத்தினார்கள். மையத்துக்கு இடம் கொடுப்பது ஊரின் பொறுப்பு. சாதி, ஆண் பெண் வேறுபாடு பாராமல் எல்லோரையும் உள்ளே அனுமதிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கணிப்பொறி கற்பது கடினம் என்று அப்போது பட்டணத்தில் படித்தவர்களே அஞ்சிய காலம். சிற்றூர்ப் பெண்கள் ஆங்கில எழுத்துள்ள விசைப்பலகையில் தமிழைத் தட்டெழுதப் பழகினார்கள். அவர்களால் எப்படி முடிந்தது? கற்றதை அன்றே பயன்படுத்த ஒரு காரணம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து நெல் விலை கேட்கிறார். எதிர்வீட்டு அம்மாள் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று கேட்கிறார். விடை சொல்ல வேண்டுமே என்ற பொறுப்பு விரல்களுக்கு வேகம் தந்தது. இன்னொன்றும் உண்டு. கற்றுக்கொடுப்பவர் நம் தெருவில் இருப்பவர். நம் பேச்சைப் பேசுபவர். தெரியாததைத் தெரியாது என்று அவரிடம் சொல்ல வெட்கம் இல்லை. அறிமுகமற்ற நிபுணரிடம் நான்கு முறை கேட்கத் தயங்குபவர், பக்கத்து வீட்டு அக்காளிடம் நாற்பது முறை கேட்பார்.

"நம்ம ஊரு சேதி" என்ற பெயரில் மையத்தின் சார்பில் ஒரு செய்தித்தாளும் வெளியாயிற்று. மையத்துக்கு வர முடியாதவரின் கைக்கும் செய்தி சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இரண்டு மணி நேரம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 29 நிமிட அளவில் சுமத்ராத் தீவை அடுத்த கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. பிளவு வடக்கே அந்தமான் வரை நீண்டது. அங்கிருந்து கிளம்பிய ஆழிப்பேரலை நம் கரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே கணக்கிடலாம்.

ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். ஆழம் 3,500 மீட்டர் என்று கொள்வோம். 9.8 × 3,500 = 34,300. இதன் வர்க்கமூலம் 185. ஆகவே வேகம் நொடிக்கு 185 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 670 கிலோமீட்டர். அந்தமானிலிருந்து கடலூர்க் கரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். வகுத்தால் இரண்டு மணி நேரம் வருகிறது. உண்மையிலும் எட்டரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில்தான் நம் கரையைப் பேரலை தாக்கியது.

ஆழ்கடலில் இந்த அலையின் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டவில்லை. அங்கிருந்த படகுகள் பலவற்றில் யாரும் அதை உணரவில்லை. கரையருகே ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது அலையின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகிவிடும். பின்னால் வரும் நீர் முன்னால் உள்ள நீரின்மேல் ஏறிக் குவியும். அதனால்தான் கரையில் அத்தனை உயரம், அத்தனை அழிவு.

இரண்டு மணி நேரம் என்பது சிறிதல்ல. ஓர் ஊரையே மேட்டுக்கு அழைத்துச் செல்லப் போதுமானது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தேவனாம்பட்டினத்திலும், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பகுதிகளிலும் அந்த நாளை மறக்க முடியாத குடும்பங்கள் இன்றும் உள்ளன.

நல்லவாட்டில் வேறொன்று நடந்தது. அங்கும் வீராம்பட்டினத்தில் போன்று தகவல் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்ட அவர், உடனே ஊரிலுள்ள தம் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி எச்சரித்தார். செய்தி மையத்துக்கு ஓடியது. மூடியிருந்த அறையைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரை விட்டு வெளியேறுங்கள் என்ற குரல் கேட்டு, சுமார் 500 குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூர் மக்கள் விலகிச் சென்றார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்கள் பிழைத்தன.

எண்ணிப் பாருங்கள். அந்த ஒலிபெருக்கி ஆழிப்பேரலைக்காக வைக்கப்பட்டதன்று. அலை உயரமும் மற்றச் செய்திகளும் அறிவிக்க வைத்தது. நாள்தோறும் அதைக் கேட்டுப் பழகியதால் அதன் குரலை மக்கள் நம்பினார்கள். எந்த அறையில் இருக்கிறது, எந்த விசையைத் தட்ட வேண்டும் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது. ஆபத்து நாளுக்கென்று தனியே பூட்டி வைத்த கருவியாக இருந்தால், அதை இயக்குவதைக் கற்கவே அந்த நேரம் போயிருக்கும். நாள்தோறும் சிறு உதவி செய்யும் கருவியே பெரிய ஆபத்திலும் கைகொடுக்கிறது. இக்கட்டுரையில் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டிய கருத்து இதுவே.

மின்சாரம் இல்லாத நாளில்

அதன் பின் பல மாற்றங்கள் வந்தன. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2005 முதல் நம் கடல்களுக்கு உரிய அலை, காற்று முன்னறிவிப்புகளை வெளியிட்டு வருகிறது. அமெரிக்கப் படத்தை நாடவேண்டிய நிலை மாறிற்று. 2007 அக்டோபரில் அதே மையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பும் செயல்படத் தொடங்கியது. அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் பகுதி, சந்தை விலை முதலியவற்றை மீனவர் தம் கைபேசியிலேயே தமிழில் பெறும் ஏற்பாடுகளும் வந்துவிட்டன.

ஆயினும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நடந்ததை உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. பல ஊர்களில் பல நாள்கள் மின்சாரம் இல்லை. கைபேசி இருந்தும் அதற்கு உயிரூட்ட வழியில்லை. புதிய கருவி வந்ததும் பழையதைத் தூக்கி எறிந்துவிடக்கூடாது என்பது அன்று விளங்கிற்று. மின்கலத்தில் ஓடும் சிறிய வானொலிப் பெட்டியும், கையால் அடிக்கும் மணியும், தெருவில் போய்ச் சொல்லும் ஆளும் அப்போது தேவைப்படும். பதினொன்றாம் எண் கூண்டை அமைத்தவர்கள் நினைத்ததும் இதைத்தான்.

ஆசிரியர் கையில் புதிய கருவி

மீனவருக்குப் பொருந்தும் இந்த விதி பள்ளிக்கூடத்துக்கும் பொருந்துமா? வகுப்பறைக்கு ஒரு புதுக்கருவி வரும்போது ஆசிரியரே முதல் பயனாளர். அவரும் ஒரு வகையில் புதிதாகக் கற்பவர்தான்.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நம் நாட்டில் மாபெரும் சோதனை ஒன்று நடந்தது. அமெரிக்கா தந்துதவிய ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நேரடியாகச் சென்றது. கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையைக் கொண்டு சுமார் 3 மீட்டர் அகலத்தில் செய்த கிண்ணங்களே அங்கு ஏரியல்! அந்த ஓராண்டில் பல ஆயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சி தரப்பட்டது. தொலைக்காட்சியை மட்டும் அவர்கள்முன் வைத்துவிட்டுப் போகவில்லை. பாடத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், வானொலியில் கேட்டார்கள், அச்சிட்ட கையேட்டைப் படித்தார்கள், ஊரில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு தாமே சோதனை செய்தார்கள், வழிகாட்டும் ஒருவருடன் கூடிப் பேசினார்கள். வானத்தில் இருந்த செயற்கைக்கோளோடு ஆசிரியரின் கையில் இருந்த தகர டப்பாவும் தண்ணீரும் சேர்ந்தபோதுதான் பாடம் முழுமை பெற்றது.

நம் மாநிலத்தில் 2018 முதல் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்படுகின்றன. கைபேசியை அதன்மேல் காட்டினால் பாடத்துக்குரிய படமும் விளக்கமும் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் அலைகளைப் பற்றிய பாடம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறொரு நாட்டுக் கடலின் அசைபடத்தைக் காட்டி முடித்துவிட்டால் அது பத்து நிமிடக் காட்சி. பிச்சாவரத்துக்குப் பக்கத்திலிருந்து வரும் மாணவரின் தந்தை நாளைக் காலை எதிர்கொள்ளப்போகும் அலையின் உயரத்தை அதே கைபேசியில் எடுத்துக் காட்டினால்? வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஆசிரியருக்கும் அந்தக் கருவியைக் கற்க ஒரு காரணம் கிடைக்கும். ஏம்பலத்துப் பெண்களுக்குக் கிடைத்த காரணம் போன்றதே அது.

எனவே எந்தப் புதுக்கருவி வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இது யாருடைய எந்தத் தேவைக்கு உதவும்? அவர் மொழியிலும் அளவையிலும் பேசுமா? அவருக்கு வேண்டிய நேரத்தில் கிடைக்குமா? பழுதானாலோ மின்சாரம் நின்றாலோ என்ன செய்வது?

செய்து பாருங்கள்

கடற்கரை அருகே உள்ள பள்ளிகளில் படிப்பவர்கள் இதை இரண்டு வாரம் செய்யலாம். ஆசிரியரின் துணையோடு, நாள்தோறும் பிற்பகலில் கடலூர்க் கரைக்குரிய மறுநாள் அலை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் திசையையும் கடல்சார் தகவல் மையத்தின் முன்னறிவிப்பிலிருந்து எடுங்கள். மீட்டரை 3.28ஆல் பெருக்கி அடியாக்குங்கள். காற்று வீசும் திசைக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு அதையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் பள்ளி வாயிலில் உள்ள கரும்பலகையில் எழுதுங்கள். பள்ளி விடும் நேரத்தில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும்.

மறுநாள் மாலை, கடலுக்குப் போய் வந்த இரண்டு பெரியவர்களிடம் அலை எப்படி இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு ஒரு பத்தியிலும், அவர்கள் சொன்னது அடுத்த பத்தியிலும் இருக்கட்டும். பதினான்கு நாள்களில் எத்தனை நாள் இரண்டும் ஒத்தன? ஒவ்வாத நாள்களில் காரணம் என்ன? மிக உயர்ந்த நாளின் அலை ஆற்றல் மிகத் தாழ்ந்த நாளைப்போல் எத்தனை மடங்கு? பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் உள்ளவர்கள் அலைக்குப் பதிலாக மழை முன்னறிவிப்பை எடுத்துக்கொண்டு உழவர்களைக் கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். அலையை அளக்கிறேன் என்று யாரும் கடலில் இறங்கக் கூடாது. அரசின் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அதுவே முடிவு. உங்கள் பலகையில் அதை மட்டும் எழுதுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் அட்டவணையை நீங்கள் கேள்வி கேட்ட அந்தப் பெரியவர்களிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். பலகையில் இன்னும் என்ன எழுதினால் தமக்கு உதவும் என்று அவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் அடுத்த பாடம் அதுதான்.